ஏறாத மரங்கள்

முதல் நாள், வியாழன் இரவு, கார்பர்வில்

இந்தப் பயணம் ஒரு வேலித் தகராறில் ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில் நாங்கள் வாங்கிய வீட்டின் கொல்லையில் ஒரு ரெட்வுட் மரம் நிற்கிறது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்தது, நாற்பது வயது இருக்கும். அதன் வேர் வேலியைத் தூக்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சரி, வெட்டிவிடலாம் என்று விலை கேட்க ஓர் ஆர்பரிஸ்ட்டை வரச் சொன்னேன். மரம் ஏறிக் கிளை கழிப்பது, நோய் பார்ப்பது, வேறு வழியே இல்லையென்றால் வெட்டுவது, எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தொழில்.

வந்தவர் தமிழர். உடன்குடிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அண்ணன். மரத்தைச் சுற்றி வந்தார், மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார், அண்ணாந்து உச்சியைப் பார்த்தார். இருபது நிமிடம் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

"வெட்டணும்னா நகராட்சியில பெர்மிட் வாங்கணும் தம்பி, அது கெடக்கட்டும். இந்த மரத்தோட சொந்தபந்தங்களை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இல்லண்ணே."

"பார்த்துட்டு வந்து முடிவு பண்ணுங்க. அடுத்த வாரம் நான் வடக்க ரெட்வுட் காட்டுக்குப் போறேன். வண்டியில எடம் இருக்கு."

வருஷா வருஷம் அக்டோபரில் போவாராம். "விலை கேக்கப் போனவர் டூர் போறார்" என்று என் மனைவி வழியனுப்பினாள்.

இன்று காலை ஓக்லாண்டில் அவர் வண்டியில் ஏறிக்கொண்டேன். பின் சீட்டில் கயிறு, ஹார்னஸ், ஹெல்மெட் எல்லாம் ஒரு பையில் கிடந்தன. சான் ரஃபேலில் 101-ம் நெடுஞ்சாலையைப் பிடித்து நேரே வடக்கு. திராட்சைத் தோட்டம், காய்ந்த மலை, மறுபடி திராட்சைத் தோட்டம். லெகெட்டைத் தாண்டியதும் சாலை இருட்டியது. மணி பதினொன்றுதான், மரங்கள்தான் வெயிலை மறைத்திருந்தன.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ரெட்வுட் என்பதைச் செம்மரம் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் ஊரில் செம்மரம் என்றால் சேஷாசலம் காடும் கடத்தல் வழக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு குடும்பம், ஊசியிலை மரம். அதனால் ரெட்வுட் என்றே இருக்கட்டும்.

மதியம் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் பூங்காவில் ஃபவுண்டர்ஸ் குரோவ். 1917-ல் ஜான் மெரியம், மாடிசன் கிராண்ட், ஹென்றி ஆஸ்பர்ன் என்று மூன்று பேர் இந்தப் பக்கம் வண்டியில் வந்தார்கள். ஆயிரம் வருட மரங்கள் ரயில் கட்டைக்கும் கூரைப் பலகைக்கும் விழுந்துகொண்டிருப்பதைப் பார்த்தார்கள். மறுவருடமே, 1918-ல், சேவ் தி ரெட்வுட்ஸ் லீக் என்ற சங்கம். பணம் திரட்டித் தோப்பு தோப்பாக நிலத்தை விலைக்கு வாங்குவதுதான் அவர்கள் வழி. நல்ல காரியம். ஆனால் அந்த கிராண்ட், வெள்ளை இனமே உயர்ந்தது என்று புத்தகம் எழுதிப் பரப்பியவரும்கூட. மரத்தை அப்படி நேசித்தவருக்கு மனிதரை நேசிக்கத் தெரியவில்லை. எனக்கு அவர்களைவிட லாரா மஹான் என்ற உள்ளூர்ப் பெண்மணியைத்தான் பிடித்தது. இதே டயர்வில் பகுதியில் 1924-ல் மரக் கம்பெனி வெட்ட ஆரம்பித்தது தெரிந்ததும், கணவரோடு போய் வெட்டுகிற இடத்திலேயே நின்று மறித்தவர்.

தோப்புக்குள் டயர்வில் ஜயன்ட் படுத்துக் கிடக்கிறது. 110 மீட்டருக்கு மேல் இருந்த மரம். 1991 மார்ச்சில், மழையில் ஊறிய மண்ணில் சாய்ந்தது. விழுந்த சத்தத்தைத் தூரத்தில் கேட்டவர்கள் ரயில் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தார்களாம். அதன் வேர்த் தட்டு எனக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. நான் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன், ஆழமே இல்லை.

"ஆணிவேர் கெடையாது தம்பி. ரெண்டு மூணு மீட்டர்தான் இறங்கும். ஆனா பக்கவாட்டுல முப்பது மீட்டர் ஓடும். பக்கத்து மரத்து வேரோட பின்னிக்கிட்டு நிக்கும்."

சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார். பாதையை விட்டு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். பேசாமல் பாதைக்கு வந்தேன்.

இரண்டாம் நாள், வெள்ளி, ஆர்கேட்டா

காலையில் கருப்பட்டிக் காபி. கருப்பட்டியை ஊரிலிருந்து வரவழைக்கிறார், ஃபிளாஸ்க்கில் அவரே போட்டு எடுத்து வருகிறார். அதைக் குடித்துக்கொண்டே அவர் கதையைக் கேட்டேன்.

தாத்தா பனையேறி. முருக்குத்தடியைச் சாய்த்து வைத்து, காலில் தளைநார் போட்டு, இடுப்பில் அரிவாள் பெட்டியோடு பதனீர்க் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஏறி இறங்கியவர். அப்பா அதை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் லாரி ஓட்டினார். பேரனைப் படிக்க வைத்தது இனி யாரும் மரம் ஏறக் கூடாது என்பதற்காக. "நான் பி.காம் படிச்சிட்டு இங்க வந்து மரம் ஏறுறேன். அப்பாகிட்ட ரொம்ப நாள் சொல்லல" என்றார்.

அண்ணனின் மனைவி நர்ஸ். மனைவியோடு அமெரிக்கா வந்தவருக்கு முதலில் கிடைத்த வேலை, வெட்டிப் போடுகிற கிளைகளை இழுத்துக்கொண்டு போய்ச் அவற்றைச் சில்லாக்கும் சிப்பர் இயந்திரத்தில் தள்ளுவது. ஆறு மாதம் தரையில். அப்புறம் கயிறு, முடிச்சு, ஏற்றம். அந்தக் கம்பெனியில் உயிருள்ள மரத்தில் கவாத்து பண்ணக்கூட காலில் இரும்பு முள் மாட்டிக்கொண்டுதான் ஏறச் சொல்வார்கள். சீக்கிரம் ஏறலாம், ஒரு நாளைக்கு இன்னொரு வீட்டு வேலையை முடிக்கலாம். ஒவ்வொரு அடிக்கும் பட்டையில் ஒரு ஓட்டை. பனையில் ஒரு காயம் பட்டால் கடைசிவரை ஆறாது என்று தாத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவரால் அதைச் சகிக்க முடியவில்லை. விட்டு விலகினார். மூன்று வருட அனுபவம் சேர்ந்ததும் சர்வதேச மர வளர்ப்புச் சங்கத்தின் பரீட்சை எழுதி சான்றிதழ் வாங்கினார். அதையும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், புதிதாகப் படித்ததற்குக் கணக்குக் காட்டி.

படித்ததில் அவரைப் புரட்டிப் போட்டது அலெக்ஸ் ஷிகோ என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சி. சங்கிலி ரம்பம் கைக்கு வந்த காலத்தில், மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து உள்ளே பார்த்தவர். மரத்துக்குக் காயம் ஆறுவதே கிடையாது. நம் தோல் மாதிரி அந்த இடத்தில் புதுச் சதை வளராது. காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளரும். "பத்து வருஷம் முன்னாடி நான் போட்ட வெட்டு அப்படியே உள்ளே இருக்கும் தம்பி. பட்டை மூடியிருக்கும். அவ்வளவுதான்."

இந்தப் பேச்சு முடிந்து நாங்கள் போய் நின்ற இடம் ஸ்டாஃபர்ட். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் சின்ன ஊர். 1996 கடைசி நாளில் மேலேயிருந்த மலைச்சரிவு சேறாக இறங்கி வீடுகளை அழித்தது. மேலே மரம் வெட்டியிருந்தார்கள். அடுத்த வருடம் டிசம்பர் 10-ல் அதே மலையில் வெட்டுக்குக் குறித்த ஒரு ரெட்வுட்டில் ஜூலியா ஹில் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண் ஏறினார். சில வாரம் இருக்கலாம் என்று போனவர் இறங்கியது 1999 டிசம்பர் 18-ல். 738 நாள், 55 மீட்டர் உயரத்தில், கட்டில் அகலத்துக்குப் பலகை, மேலே தார்ப்பாய். மரத்தின் பெயர் லூனா. கடைசியில் மரக் கம்பெனி அந்த மரத்தையும் சுற்றி 200 அடியையும் விட ஒப்புக்கொண்டது.

உலகத்துக்கு இந்தக் கதை இவ்வளவுதான் தெரியும். அண்ணன் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது. 2000 நவம்பரில் யாரோ ஒருவர் போய் லூனாவைச் சுற்றளவில் ஏறக்குறையப் பாதிவரை ரம்பத்தால் அறுத்துவிட்டார். சங்கிலி ரம்பம் போன ஆழம் 80 சென்டிமீட்டர். அடுத்த காற்றில் விழுந்துவிடும். ஆர்பரிஸ்ட்டுகளும் பொறியாளர்களும் மேலே போனார்கள். வெட்டின் குறுக்கே இரும்புப் பட்டைகளை வைத்து போல்ட் இறுக்கினார்கள், கேபிள் இழுத்துக் கட்டினார்கள். மரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. உச்சியில் கொஞ்சம் காய்ந்திருக்கிறதாம்.

"ஏறினவங்க பேரு எல்லாருக்கும் தெரியும். போல்ட் போட்டவங்க பேரு யாருக்கும் தெரியாது" என்றார். பொறாமையாகச் சொல்லவில்லை, தொழில்காரன் தொழிலைப் பற்றிச் சொல்கிற குரல்.

லூனா தனியார் நிலத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்க முடியாது. கீழேயிருந்து மலை விளிம்பைப் பார்த்தோம். எது அது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மட்டும் ஒரு திசையில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வழியில் புல் கிரீக். ராக்ஃபெல்லர் காடு, சுமார் 10,000 ஏக்கர், மிச்சமிருக்கும் பழங்காட்டில் ஒரே துண்டாக இருப்பதில் பெரியது. இங்கே ஒரு பாடம் நடந்திருக்கிறது. தோப்பை வாங்கியாயிற்று, காப்பாற்றியாயிற்று என்று நிம்மதியாக இருந்தார்கள். ஆற்றின் மேல்பகுதி மலைகள் மட்டும் தனியாரிடம் இருந்தன, அங்கே மொட்டையடித்துவிட்டார்கள். 1955 வெள்ளத்தில் கல்லும் மண்ணும் இறங்கி ஓடையை அகலமாக்கிக் கரையை அரித்து, காப்பாற்றி வைத்த தோப்பிலேயே நூற்றுக்கணக்கான முதிய மரங்கள் சாய்ந்தன. ஒரு கோடரிகூடப் படாமல். அதற்கப்புறம்தான் ஓடையின் மேல்பகுதியையும் வாங்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் நாள், சனி, ஓரிக்

இன்று சண்டை.

ஆர்கேட்டாவில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் சில்லெட் என்ற பேராசிரியர் இருக்கிறார். மாணவராக இருந்த 1987-ல் நண்பரோடு ஒரு ரெட்வுட்டில் கயிறில்லாமல் ஏறியவர். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் மேலே அவர் பார்த்தது யாரும் எதிர்பார்க்காத உலகம். கிளைக் கவட்டைகளில் நூற்றாண்டுகளாக இலை மக்கி உண்டான மண் மெத்தை, அதில் ஃபெர்ன் காடு, பெர்ரிப் புதர், தரையையே தொடாமல் வாழக்கூடிய, பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர். முறிந்த உச்சிகளிலிருந்து புதுத் தண்டுகள் கிளம்பி, ஒரே மரத்தின் மேல் ஒரு தோப்பு. இப்போது அவர்கள் ஏறும் முறையே தனி. முதல் கிளையே பல மாடி உயரத்தில் இருப்பதால், மீன்பிடி நரம்பு கட்டிய அம்பை வில்லால் கிளைக்கு மேலே எய்து, நரம்பில் மெல்லிய கயிறு கட்டி இழுத்து, அதில் பெரிய கயிறு. இரும்பு முள் கிடையாது, மெத்தென்ற காலணி.

அண்ணன் இதை எச்சில் ஊறச் சொன்னார். "நீங்க ஏறியிருக்கீங்களா?" என்றேன்.

"இல்ல."

"ஆசை இல்லையா?"

"ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கிப் போறவங்க போகட்டும். நான் மேல போய் என்ன பண்ணப் போறேன், வேடிக்கை பார்க்கவா? அந்த மண்ணு மெத்தை ஒரு மிதியில போயிரும்."

இவ்வளவு கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. ஹைபீரியன் பக்கத்தில்தான் இருக்கிறது, அதன் இடக்குறிப்பு இணையத்தில் கிடைத்தது, போனில் இருக்கிறது, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடலாமா என்று கேட்டுவிட்டேன். உலகத்திலேயே உயரமான மரம், 115 மீட்டருக்கு மேல். 2006-ல் கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். 1978-ல் பூங்காவை விரிவாக்கியபோது உள்ளே சேர்த்த நிலத்தில் இருக்கிறது. அந்த விரிவாக்கம் நடக்காமல் போயிருந்தால் பலகையாகியிருக்கும்.

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். போனைக் கேட்டார். கொடுத்தேன். அந்தக் குறிப்பை அழித்துவிட்டுத் திருப்பித் தந்தார். கொஞ்ச தூரம் இருவரும் பேசவில்லை.

அப்புறம் அவரே ஆரம்பித்தார். அந்த மரத்துக்குப் பாதை கிடையாது. ஆயிரக்கணக்கானோர் புதரை மிதித்து அவரவர் பாதை போட்டார்கள். அடியில் ஃபெர்ன் அழிந்து வெறும் தரையானது. குப்பை, மலம். மண் இறுகினால் அந்த மேலோட்டமான வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. 2022-ல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. "வெட்டுறவன் ஒரு நாள் வருவான். ஆசையா பார்க்க வர்றவன் தினமும் வருவான். எது ஆபத்து, சொல்லுங்க."

என்னிடம் பதிலில்லை. போன வாரம் வெட்டுவதற்கு விலை கேட்டவனும் நான், இன்று ஆசையாகப் பார்க்கக் கிளம்பியவனும் நான்.

மீதி நாள் பிரெய்ரி கிரீக்கில் நடந்தோம், ஒழுங்காகப் பாதையில். ஒரு மரத்தின் அடியில் பெரிய கட்டி புடைத்திருந்தது. உள்ளே உறங்கும் மொட்டுகள் நிறைந்த திரட்சி அது. மரம் எரிந்தாலும் முறிந்தாலும் அங்கிருந்து தளிர்க்கும். அதன் சுருள்கோடுகள் அழகாக இருப்பதால் மேசைக்கும் கிண்ணத்துக்கும் திருடுகிறார்கள். திருட்டு அதிகமாகி 2014-ல் இங்குள்ள நியூட்டன் டிரூரி சாலையை இரவில் மூட வேண்டி வந்தது. சந்தன மரத்துக்கு நம் ஊரில் நடப்பதுதான்.

மாலையில் மூடுபனி இறங்கியது. மழையில்லாத கோடையில் இந்தப் பனிதான் அவற்றுக்குத் தண்ணீர். இலையில் படிந்து சொட்டுகிறது, மரம் தன் காலில் தானே ஊற்றிக்கொள்கிற மாதிரி. வருடத்துக்குத் தேவையான நீரில் மூன்றில் ஒரு பங்குவரை இப்படிக் கிடைக்கிறதாம். சான் ஹொசேயில் கடல் பனி ஏது? எங்கள் கொல்லை மரம் ஞாபகத்துக்கு வந்தது.

நான்காம் நாள், ஞாயிறு, கிரசன்ட் சிட்டி

ஜெடிடையா ஸ்மித் பூங்கா. மண் சாலை, இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். அங்கே குரோவ் ஆஃப் டைட்டன்ஸ். சில்லெட்டும் டெய்லரும் 1998-ல் கண்டுபிடித்து, இடத்தை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். இணையம் சொல்லிவிட்டது. ஹைபீரியனுக்கு நடந்த அதே கதை. ஆனால் இங்கே மூடுவதற்குப் பதிலாக, தரையிலிருந்து தூக்கிய நடைபாலம் போட்டிருக்கிறார்கள். கம்பி வலைத் தளம், மழையும் வெளிச்சமும் கீழே இறங்கும். மிதிபட்ட இடமெல்லாம் ஃபெர்ன் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

மரங்களைப் பற்றி என்ன எழுத? ஒரு அடிமரத்தின் அகலம் எங்கள் ஹாலைவிடப் பெரிது. பட்டை ஓரடிக் கனம், தீயும் லேசில் நுழையாது. இந்த உடம்புக்குக் காய் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான். மூலக்காட்டில் மிச்சமிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு என்று அறிவிப்புப் பலகையில் படித்துவிட்டு நிமிர்ந்தால், அந்த ஐந்துக்குள்தான் நாம் நிற்கிறோம் என்று உறைக்கிறது.

அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் ஒரே மரத்தைப் பார்த்தார். விரல்கள் மட்டும் அசைந்தன. எந்தக் கிளையில் கயிறு போடலாம், அங்கிருந்து எதற்குத் தாவலாம் என்று மனசுக்குள் ஏறிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். தாத்தா ஏறுவதற்கு முன் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று நேற்றுச் சொல்லியிருந்தார். இங்கே மரம் கைக்கு எட்டாது. பாலம் அதற்காகத்தான் தள்ளிப் போட்டிருக்கிறது.

அப்போதுதான் என் தொப்பி பறந்தது. நாலு மீட்டர் தள்ளி ஃபெர்னுக்குள் விழுந்தது. இறங்கி எடுத்துவிடலாம் என்று ஒரு காலைத் தூக்கினேன்.

"தம்பி!"

காலை இறக்கினேன். அவர் என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார். போய்வர அரை மணி. கையில் எறிகயிறும் ஒரு சின்ன மடக்குக் கொக்கியும். முப்பது மீட்டர் உயரத்துக் கிளையில் குறி தவறாமல் கயிறு போடுகிறவர், தரையில் கிடக்கும் தொப்பிக்கு ஏழு முறை எறிந்தார். சுற்றிலும் சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எட்டாவது எறிக்குத் தொப்பி வந்தது, குழந்தைகள் கைதட்டினார்கள். இந்த நாலு நாளில் அந்தப் பையைத் திறந்தது இந்த ஒரு முறைதான்.

ஐந்தாம் நாள், திங்கள், வீடு

பத்து மணி நேர ஓட்டம். சொல்ல ஒன்றுமில்லை. யூகியாவில் சாப்பிட்ட சாண்ட்விச் மோசம்.

பின்குறிப்பு, அடுத்த சனி

விலைப்பட்டியல் வாட்ஸப்பில் வந்தது. வெட்டுக்கூலி என்ற வரியே இல்லை. மரச்சில்லு ஒரு லோடு: இலவசம், அவர் சிப்பரிலிருந்தே. சொட்டுக் குழாய்: கடையில் நீங்களே வாங்கவும். வேலி: தச்சரைக் கூப்பிட்டு, வேர் போகிற இடத்தில் பலகையின் அடியை வில் மாதிரி வளைத்து வெட்டச் சொல்லவும். உச்சி பார்க்க ஏறுதல்: 350 டாலர், இதில் பேரம் கிடையாது.

இன்று காலை வந்தார். நானும் மனைவியும் மூடாக்குச் சில்லைப் பரப்பினோம், அடிமரத்தில் ஒட்டாமல் ஒரு சாண் இடம் விட்டு. அவர் ஹார்னஸை மாட்டிக்கொண்டு, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கயிற்றில் ஏறினார். முழங்கால் வலி என்று ஐந்து நாளும் புலம்பிய மனிதர் இவர்தானா என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் கிளைகளுக்குள் மறைந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"தம்பி, உச்சி காயுது! அந்தக் குழாயை இப்பவே தொறந்து விடுங்க!"